பூஜ்யம் காட்டும் கருவி

முதலில் பனி, அப்புறம் நிலச்சரிவு, இப்போது சாஃப்ட்வேர் ரிலையபிலிட்டி, அதாவது மென்பொருள் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்கிற வேலை. என் ரெஸ்யூமேவைப் பார்க்கிறவர்கள், மூன்று பேருடைய வாழ்க்கையை ஒரே தாளில் அச்சடித்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுவார்கள். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "மூணும் சரிஞ்சு விழுற சமாச்சாரம்தான் மாமா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். சிரிப்பார்கள், பந்திக்குப் போய்விடலாம். ஜூன் மாதம் மும்பையில் மழை பிடித்த சமயத்தில், பவாயில் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அந்தக் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் கத்தவில்லை, யார் வேலையும் போகவில்லை.

விஷயம் இதுதான். கடைக்காரர்களின் அன்றாட வசூலைக் கணக்குப் பார்த்து அவரவர் வங்கிக் கணக்கில் சேர்க்கும் ஒரு ஜாப், அதாவது தானாக ஓடும் நிரல், ராத்திரி ஓடும். ஒரு நாள் அது ஓடவே இல்லை. காலையில் உல்லாஸ்நகரிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, பணம் ஏறவில்லையே என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மானிட்டரிங் திரையில் ராத்திரி முழுக்கப் பச்சை. ஏன் பச்சை என்று மேலாளர் கேட்டார். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற பெண் மாதுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண், கெட்டிக்காரி. "எரர் கவுன்ட் அஞ்சைத் தாண்டினாத்தான் சார் அலெர்ட் வரும். எரர் பூஜ்யம்" என்றாள். ஜாப் ஓடாததால் எரர் இல்லை, எரர் இல்லாததால் பச்சை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எல்லோரும் தலையாட்டினோம், செய்ய வேண்டியதை எழுதிக்கொண்டோம், டீ குடிக்கப் போனோம். எனக்கு மட்டும் அந்தப் பூஜ்யம் இறங்கவில்லை. இதே பூஜ்யத்தை இதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே கணக்கில் ஏறாமல் போனது பணம் அல்ல.

புயலில் அசையாத கிண்ணங்கள்

மணாலியிலிருந்து சோலாங் தாண்டி மேலே போனால் துந்தி. அடல் சுரங்கத்தின் தெற்கு வாசல் அந்தப் பக்கம்தான் என்பதால் இப்போது சுற்றுலாக்காரர்கள் காரை விட்டு இறங்காமலே அந்த இடத்தைக் கடந்துவிடுகிறார்கள். நான் மாணவனாகப் போன காலத்தில் சுரங்கம் திறந்திருக்கவில்லை. 1969இல் பனிச்சரிவு ஆய்வுக்கென்றே, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் நிறுவனம் ஒன்று மணாலியில் வந்ததிலிருந்து, பனி படிக்கிறவர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்குதான் பள்ளிக்கூடம். எங்கள் ப்ராஜெக்ட்டுக்கென்று ஒரு கம்பம் நட்டிருந்தோம். அதில் காற்றின் வேகத்தை அளக்கும் மூன்று கிண்ணங்கள், பனியின் உயரத்தை மேலிருந்து ஒலியலை அனுப்பி அளக்கும் ஒரு கருவி, ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி.

ஒரு ராத்திரி வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துவிடும்போல அடிக்கிறது. லேப்டாப்பில் காற்றின் வேகம் 0.0. விடிந்து போய்ப் பார்த்தால் கிண்ணங்கள் மேல் வெள்ளையாக உறைபனி ஏறி, மூன்றும் ஒரே கட்டியாகி நிற்கின்றன. பனிச்சரிவு விஷயத்தில் காற்று சாதாரண சங்கதி அல்ல. காற்றடிக்கும் பக்கத்துப் பனியைச் சுரண்டிக்கொண்டு போய் மறுபக்கச் சரிவில் கொட்டி, பலகை மாதிரி இறுக்கி வைப்பது அதுதான். அதாவது சரிவின் மேல் பாரம் ஏறிக்கொண்டிருந்த மணிக்கணக்கில்தான் எங்கள் கருவி "காற்றே இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தது. மற்றவையும் லேசுப்பட்டவை அல்ல. பனி அடர்த்தியாகக் கொட்டும்போது ஒலியலை பாதி வழியிலேயே சிதறிவிடும். உயரம் அளக்கும் கருவி வாயை மூடிக்கொள்ளும். சூடாக்கும் வசதி இல்லாத மழைமானியின் வாயில் பனி தொப்பியாக உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி முழுக்கக் கொட்டியபோது பூஜ்யம் காட்டிவிட்டு, மறுநாள் மத்தியானம் நீல வானத்தில் வெயில் அடிக்கும்போது உருகி இறங்கி "மழை பெய்கிறது" என்று சொல்லும். பழுது என்றால் தாறுமாறான எண் வரும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வந்ததெல்லாம் சாதுவான எண்கள்.

அதனாலேயே அங்கே குழி வெட்டுகிறவர்களுக்குத் தனி மரியாதை. பனியில் தரை வரை குழி வெட்டி, ஒரு சுவரை மட்டமாகச் சீவி, மேலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்கையும் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். முஷ்டி இறங்கினால் மிக மெது. முஷ்டி இறங்காமல் நாலு விரல் இறங்கினால் அடுத்த நிலை. அதற்கப்புறம் ஒரு விரல், பென்சில், கத்தி. உலகத்தின் எந்தப் பனிமலைக்குப் போனாலும் இதுதான் அளவுகோல். நானும் முதலில் சிரித்தேன், இதற்கா எம்.டெக்? ஆனால் சில குழிகளில் தரையை ஒட்டி விரல் வைத்ததும் அந்த அடுக்கு மட்டும் பொலபொலவென்று சர்க்கரை மாதிரிக் கொட்டும். பனிக்குக் கீழே தரை ஏறத்தாழ பூஜ்ய டிகிரியில் இருக்கும். மேலே ராத்திரிக் காற்று மைனஸில் எங்கோ இருக்கும். பனி மெல்லியதாக இருந்து, ஒரு மீட்டருக்குப் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால், நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து நகர்ந்து பழைய துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத கோணல் படிகங்களாக மாற்றிவிடும். டெப்த் ஹோர் என்பார்கள். சீசன் ஆரம்பத்தில் உருவாகி, மேலே எவ்வளவு விழுந்தாலும் தாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். 30 முதல் 45 டிகிரிச் சரிவில் அது எப்போது விடும் என்பதுதான் கேள்வி. முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு தூணைச் செதுக்கி, அதன் மேல் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் உடைகிறது என்று எழுதிக்கொள்வார்கள். பனி தானாக ஒன்றும் சொல்லாது, தட்டிக் கேட்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட தொழில் அது.

சத்தமில்லாததைத் தப்பாகப் படிப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்துச் சோனம் நிலையில், மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் இருந்த வீரர்கள் 10 பேர் பனியில் புதைந்தார்கள். நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மறுநாளே யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று முடிவாகி, இரங்கல் செய்திகளும் வந்துவிட்டன. ஆனாலும் தோண்டுவதை நிறுத்தவில்லை. ரேடாரும் டாட், மிஷா என்ற இரண்டு நாய்களும் காட்டிய இடத்தில் தோண்டியபோது, 8ஆம் தேதி ராத்திரி, சுமார் 25 அடிக்குக் கீழே லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடந்தார். தில்லியில் ராணுவ மருத்துவமனையில் 11ஆம் தேதி இறந்துபோனார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் மறக்காமல் வைத்திருப்பது அந்த இடைப்பட்ட நாட்களைத்தான். பதில் வராததை "ஒன்றுமில்லை" என்று படிக்கிறோம், அல்லது "எல்லாம் முடிந்தது" என்று படிக்கிறோம். "தெரியவில்லை" என்று மட்டும் படிக்க மனசு வருவதில்லை.

குளவிக்கூடு

பனியிலிருந்து மண்ணுக்கு வந்தது பெரிய தாவல் அல்ல. கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் ஆய்வகத்தார் எழுதிய ராம்ஸ் என்ற மென்பொருள் பனிச்சரிவையும் கணினியில் ஓட்டிக் காட்டும், சேற்றுப் பாய்ச்சலையும் ஓட்டிக் காட்டும். ஆனால் மலைமண்ணில் வில்லன் தண்ணீர். மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. இடுக்குகளில் தண்ணீரின் அழுத்தம் ஏற ஏற, துகளுக்கும் துகளுக்கும் உள்ள பிடி தளரும். மண் பொறியியலுக்கு அடித்தளம் போட்ட டெர்ஸாகி நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவைத்துவிட்டுப் போனது. ஆகவே அந்த அழுத்தத்தை அளக்கப் பூமிக்குள் பீஸோமீட்டர், சாய்வை அளக்க டில்ட் மீட்டர், வெளியே மழைமானி. மூணாறில், 2005இல் சரிவு நடந்த அந்தோணியார் காலனியில், அம்ருதா பல்கலைக்கழகத்தார் பல வருஷமாக வயர்லெஸ் சென்சார்களைப் பதித்துப் பார்த்துவருகிறார்கள். நான் வேலை பார்த்தது அதைவிட மிகச் சின்ன ஏற்பாடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கொங்கணப் பக்கம்.

மழைமானிக்குள் என்ன இருக்கிறது என்று பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே ஒரு புனல். கீழே, பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை மாதிரி ஆடும் இரண்டு சின்னக் கரண்டிகள். 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு கரண்டி நிரம்பிச் சாயும், அடுத்தது புனலுக்குக் கீழே வரும். சாய்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு. அவ்வளவுதான் கருவி. ஒரு ஜூலையில் பக்கத்து ஊரெல்லாம் ரோடு மூழ்கிக் கிடக்க, எங்கள் நிலையம் சில நாளாக 0.0 காட்டியது. ஏறிப் போய்ப் புனலைக் கழற்றினால், கழுத்தில் கச்சிதமாக ஒரு குளவிக்கூடு. அதற்கு மேல் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி, தும்பியின் இறக்கை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கீழே கரண்டிகள் காய்ந்துபோய்ச் சுத்தமாக இருந்தன. டேட்டாபேஸில் அந்த 0.0, மார்ச் மாதத்து 0.0வைவிட எந்த விதத்திலும் வித்தியாசமானதல்ல.

இன்னொரு தொல்லை பேட்டரி. மலையில் கரண்ட் கிடையாது, சோலார்தான். வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத மாதத்தில்தான் நமக்கு அந்தக் கருவியே வேண்டும். சிக்னல் கெட்டுப்போனால் மோடம் திரும்பத் திரும்ப இணைய முயலும். அந்த முயற்சியிலேயே மிச்ச பேட்டரியையும் குடித்துவிடும். பிறகு நிலையம் செத்துப்போகும். நாங்கள் பார்த்த மென்பொருளில் செத்த நிலையத்தின் புள்ளி, கடைசியாக வந்த அளவின் நிறத்திலேயே நிற்கும். கடைசி அளவு நல்ல அளவு என்றால் பச்சை. வெயில் வந்து பேட்டரி ஏறும்வரை பச்சை.

இங்கே பெட்டிமுடியைச் சொல்லாமல் மேலே போக எனக்கு முடியாது. 2020 ஆகஸ்ட் 6, ராத்திரி பத்தே முக்கால் வாக்கில், மூணாறுக்கு அப்பால் மலை இறங்கி, தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை வாரிக்கொண்டு போனது. 70 பேர். பெரும்பாலும் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்குப் போன குடும்பங்கள். அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மின்சாரம் இல்லை, போன் இல்லை. விஷயம் வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில்தான். பெரியவரைப் பாலம் போய்விட்டதால் மீட்புக்காரர்கள் போய்ச் சேர அதற்கப்புறமும் நேரமானது. அந்த மறுநாள் சாயங்காலமே கோழிக்கோட்டில் விமானம் விழ, டிவிக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். அது தனி வயிற்றெரிச்சல், அதை விடுங்கள். நான் கேட்பது வேறு. அந்த ராத்திரி கீழே இருந்தவர்களுக்குப் பெட்டிமுடி எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு புகாரும் வரவில்லை, ஒரு போனும் வரவில்லை.

2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் திறந்தார்கள். 11 நாள் கழித்து, ஜூலை 30 விடியுமுன், வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போயின. சோதனை முறையில் வந்த முன்கணிப்பில் வயநாட்டுக்கு என்ன எச்சரிக்கை நிறம் இருந்தது என்பதில் அப்புறம் பெரிய அரசியல் சண்டை. அந்தச் சண்டையின் இரைச்சலில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. கல்பற்றாவில் இருக்கும் ஹ்யூம் மையம், ஊர்க்காரர்கள் ஆங்காங்கே கையால் அளந்து சொல்லும் மழைக்கணக்கைச் சேர்த்துவைத்து, முந்தின நாளே மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது என்று செய்திகள் வந்தன. ஊர்க்காரர் அளக்கும் மழைமானி சாதாரணக் குப்பிதான், என் கருவியைவிட மட்டம். ஆனால் தினமும் காலையில் பேசுகிற மனிதர் ஒரு நாள் பேசாவிட்டால், "என்ன, இன்னிக்குச் சேதியே காணோம்" என்று இந்தப் பக்கத்திலிருந்து யாராவது போன் போடுவார்கள். என் டேட்டாபேஸுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

அண்ணாச்சி பிடித்திருந்த கைப்பிடி

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் கீழ்வீட்டு அண்ணாச்சி ரிட்டயர்டு மோட்டார்மேன். கல்யாணுக்கும் சிஎஸ்டிக்கும் இடையில் லோக்கல் ஓட்டியே வயசானவர். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மாவழிச் சொந்தங்கள் மூணாறு எஸ்டேட்டில் இருந்தார்கள். சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அலுவலகத்துப் பூஜ்யத்தை அவரிடம் சொல்லும் உத்தேசமெல்லாம் எனக்கு இல்லை. "என்ன தம்பி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று கேட்டார், சொன்னேன். ஜாப், எரர், பச்சை எல்லாம். அவர் நடுவில் பேசாமல் கேட்டுவிட்டு, "வேலை நடந்தாத்தான தப்பு வரும்? நடக்கவே இல்லைன்னு யாரு சொல்லணும்?" என்றார்.

பிறகு வலது கையைக் காற்றில் நீட்டி, இல்லாத ஒரு கைப்பிடியை அமுக்கிக் காட்டினார். "வண்டி ஓடுற நேரம் பூரா இதை இப்படி அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே இருக்கணும். கை விட்டா பிரேக் விழுந்துரும். மயக்கம் போட்டாலும் சரி, நெஞ்சு வலி வந்தாலும் சரி. நான் இருக்கேன், நான் இருக்கேன்னு வண்டிக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும்லா. நான் செத்துட்டேன்னு நானா வந்து சொல்ல முடியும்?" டெட் மேன்ஸ் ஹேண்டில் என்று நானும் படித்திருக்கிறேன். வருஷக்கணக்காக அதைப் பிடித்த ஒருவரின் முழங்கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டது வேறு மாதிரி இருந்தது. கார்டு பின்னாலிருந்து இரண்டு மணி அடித்தால் மோட்டார்மேனும் இரண்டு மணி திருப்பி அடித்த பிறகுதான் வண்டி நகரும் என்பதையும் சொன்னார். கேட்டது என்று சொல்லாதவரை கேட்கவில்லை என்றுதான் அங்கே அர்த்தம்.

அதற்கப்புறம் அவர் சொன்னதில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சிக்னல் எப்படிப் பச்சையாவுது தெரியுமா? தண்டவாளத்துல லேசா கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். அது அந்த மூலை வரைக்கும் போய்ச் சேந்தாத்தான் பச்சை. வண்டி ஏறினா சக்கரம் ரெண்டு தண்டவாளத்தையும் சேத்துரும், கரண்ட் போய்ச் சேராது, சிவப்பு. வயரு அறுந்தாலும் சிவப்பு. தண்டவாளம் ஒடஞ்சாலும் சிவப்பு. குர்லாவுல தண்ணி ஏறினாலும் சிவப்பு. ஒண்ணும் வரலைன்னா அங்க சிவப்பு தம்பி. உங்க கம்பெனியில மட்டும் ஒண்ணும் வரலைன்னா பச்சையாக்கும்?"

டிராக் சர்க்யூட். வில்லியம் ராபின்சன் 1872இல் கொடுத்த யோசனை. இப்போது பல இடங்களில் சக்கர அச்சுகளை எண்ணும் கருவி வந்துவிட்டது, அது வேறு. ஆனால் மழை நாளில் "சிக்னல் ஃபெயிலியர்" என்று அறிவிப்பு வரும்போது சயானிலும் குர்லாவிலும் நின்றுகொண்டு நாம் எல்லோரும் ரயில்வேயைத் திட்டுகிறோமே, நானும் மனசாரத் திட்டியிருக்கிறேன், அது பெரும்பாலும் ஏற்பாடு சரியாக வேலை செய்ததன் அடையாளம். தண்ணீரில் கரண்ட் கசிந்துபோனது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனது. தெரியாது என்பதைச் சிவப்பு என்று படித்தது. பச்சை என்பது அங்கே ஒவ்வொரு நொடியும் சம்பாதிக்க வேண்டிய நிறம். பனிக்கம்பத்திலும் மழைமானியிலும் பவாய் திரையிலும் பச்சை சும்மா கிடைத்தது. சிவப்புக்குத்தான் சான்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, நான் கேட்காமல், பெட்டிமுடிக்கு வந்தார். "அன்னிக்கு ராத்திரி எங்க ஆளுக ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுப் பாத்திருக்காங்க. லைன் போகலை. மழையில டவர் போயிருக்கும், காலைல பேசிக்கலாம்னு படுத்துட்டாங்க. எப்பவும் போறதுதான்." எப்பவும் போறதுதான் என்பதைச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

நோ டேட்டா

மென்பொருள் உலகம் இந்த விஷயத்தில் எவ்வளவு அப்பாவி என்பதற்கு ஒன்று சொல்கிறேன், துறைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ரோமீதியஸ் என்ற மென்பொருளில் "இந்த எண் ஐந்தைத் தாண்டினால் எழுப்பு" என்று விதி எழுதுகிறோம். அந்த எண்ணை அனுப்பும் சர்வரே செத்துப்போனால் என்ன ஆகும்? கேள்விக்கு விடை வெறுமை. வெறுமை ஐந்தைத் தாண்டாது. யாரையும் எழுப்பாது. அதைப் பிடிக்க வேண்டுமானால் "இந்த எண் வருகிறதா" என்று தனியாக இன்னொரு விதி எழுத வேண்டும். அந்த எண்களைத் திரையில் காட்டும் கிராஃபனாவில், டேட்டா வராவிட்டால் என்ன செய்ய என்று ஒரு பெட்டியே இருக்கிறது. அலறலாம், "நோ டேட்டா" என்று காட்டலாம், எல்லாம் சரி என்று வைத்துக்கொள்ளலாம், கடைசியாக இருந்த நிலையையே தொடரலாம். அந்தக் கடைசித் தேர்வைப் பார்த்தபோது எனக்குக் கொங்கணத்துப் பச்சைப் புள்ளிதான் நினைவுக்கு வந்தது.

விவரமானவர்கள் வாட்ச்டாக் என்று ஒன்று வைப்பார்கள். எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலெர்ட். அது நின்றால்தான் ஆளை எழுப்புவது. அண்ணாச்சியின் கைப்பிடியேதான். ஆனால் நின்றதைக் கவனிக்கிறவர் அதே கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஆறு மணி நேரம் போல உலகத்தை விட்டே காணாமல் போனபோது, சரிசெய்ய வேண்டிய அவர்களுடைய உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் கூடவே போய்விட்டன. பெட்டிமுடியில் நடந்ததும் இந்த வகைதான். சேதி போக வேண்டிய வழியை, சேதியை உண்டாக்கிய அதே மழையே அடைத்துவிட்டது.

சரி, இனிமேல் வெறுமை வந்தால் சிவப்பு என்று மாற்றிவிட வேண்டியதுதானே? மாற்றினோம். மாதுங்காப் பெண்தான் மாற்றினாள். அடுத்து வந்த நாட்களில் அவளுடைய தூக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க் விக்கல், ஒவ்வொரு தடவையும் ஜாப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "சார், இப்படியே போனா ஒரு நாள் நிஜமாவே நிக்கும்போது நான் போனை சைலன்ட்ல போட்டுருப்பேன்" என்றாள். அவள் சொன்னது நியாயம். அண்ணாச்சியிடம் கேட்டால் ரயிலிலும் அதேதான். "நடுவழியில நிக்கதும் லேசு இல்ல தம்பி. பின்னால வண்டி நிக்கும், ஜனம் பொறுமை போய் எறங்கித் தண்டவாளத்துல நடக்கும். அதுலயும் ஆளு சாவும்." பிரேக் போடுவதற்கும் விலை உண்டு. ரயிலுக்காவது பிரேக் இருக்கிறது. மலைக்கு என்ன இருக்கிறது? லயத்தில் தூங்குகிறவர்களை எழுப்பி, மழையில், பிள்ளைகளோடு, பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டும். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் கிடையாது. குளவிக்கூட்டுக்காக ஒரு தடவை, பேட்டரிக்காக ஒரு தடவை அப்படிக் கூட்டிப்போனால் மூன்றாம் தடவை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். திறக்காததை யாரும் குறை சொல்லவும் முடியாது.

எனக்கு இப்போது பிடிபட்டிருக்கும் வழி ஒன்றுதான், அதையும் முழுசாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். கருவி பேச்சை நிறுத்தியதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. நிறுத்துவதற்கு முன் என்ன சொல்லிக்கொண்டிருந்தது, சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். மார்ச் மாதத்து மத்தியானத்தில் ஒரு நிலையம் செத்தால் அது பேட்டரி. டெக்னீஷியன் சாவகாசமாகப் போகட்டும். பக்கத்து மழைமானிகள் எல்லாம் 200 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்ட ராத்திரியில், பீஸோமீட்டர் ஏறிக்கொண்டே வந்து பாதியில் நின்றால், அது பேட்டரியாக இருக்கலாம், ஆனால் பேட்டரி என்று வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. ஒரே சரிவில் மூன்று நிலையங்கள் பத்து நிமிஷத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் இன்னும் மோசம். அந்த மூன்றும் ஒரே கேட்வே, அதாவது சேதியை வாங்கி மேலே அனுப்பும் ஒரே பெட்டி வழியாகப் பேசுகின்றனவா என்பதை முன்கூட்டியே யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அதைக்கூடச் சொல்ல முடியும். இதே கணக்கில் எங்கள் ஜாப்பின் விதியையும் திருத்தினோம். மாதக் கடைசி, பண்டிகைக்கு முந்தின ராத்திரி என்றால் வெறுமை உடனே ஆளை எழுப்பும். மற்ற நாளில் ஜாப்பே இன்னொரு தடவை ஓடிப்பார்க்கும், அப்புறம் எழுப்பும். அவள் ஓரளவு தூங்குகிறாள்.

கனமழை ராத்திரியில் சேதி நின்றுபோன ஊருக்கு என்ன செய்வது என்று பழைய மலைக் கூட்டாளிகளோடு சமீபத்தில் ஆன்லைனில் ஒரு கூட்டம் போட்டோம். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே கருத்து. இன்னொரு சென்சார் வேண்டாம், மனிதர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், ஊரை எழுப்புவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். அந்த நேரத்துக்கு, அந்த ரோட்டில், ஜீப் மட்டும்தான் போகும். சென்சாருக்கு ப்ராஜெக்ட் நிதியில் தலைப்பு இருக்கிறது, சர்வருக்கு இருக்கிறது, பயிலரங்கத்துக்குக்கூட இருக்கிறது. ஜீப்புக்கு டீசல் எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற இடத்தில் கூட்டம் முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு இன்னும் தேதி வைக்கவில்லை.